எதிர்வீட்டு அக்காவின் புல் மிஷின்

“கெட்டுப்போச்சுன்னு சொல்லாதீங்க அம்மணி. எங்க கெட்டிருக்குதுன்னு சொல்லுங்க.”

எதிர்வீட்டு அக்காவிடம் எந்தப் பொருளைப் பற்றிப் புலம்பினாலும் முதலில் கிடைப்பது இந்தத் திட்டுதான். மிக்ஸி என்றாலும் இதே பேச்சு, குழாய் என்றாலும் இதே பேச்சு. ஒருமுறை பால் கெட்டுப்போச்சு என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். பாத்திரத்தை வாங்கி மோந்து பார்த்தார். எதில் காய்ச்சினேன், எதைப் போட்டு மூடினேன், எந்தக் கரண்டி என்று போலீஸ்காரர் மாதிரிக் கேட்டார். கடைசியில் என் கரண்டிக் காம்பின் இடுக்கில் ஒட்டியிருந்த பழைய மோரைக் கண்டுபிடித்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்து போனார். எனக்கு மானம் போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு என் வீட்டில் பால் திரிந்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சிங்காநல்லூரில் குளத்துக்குப் போகிற வழியில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். நான் ஒரு பஞ்சாலை ஆபீசில் டைப்பிஸ்ட். எதிரே இருந்த ஓட்டு வீடு அக்காவுடையது. அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அவருடைய வீட்டுக்காரர் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். பேச்சு குறைவு, பேப்பர் படிப்பது அதிகம். பிள்ளைகள் இல்லை. கத்தோலிக்கக் குடும்பம். சர்ச் என்பதை அவர்களும் கோயில் என்றுதான் சொல்வார்கள் என்பதே எனக்கு அந்த வீட்டில்தான் தெரிந்தது.

ஒரு பொருளைப் பிரிப்பதென்று முடிவு செய்துவிட்டால் அக்கா வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொள்வார். காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் மாதிரி. வெள்ளை வேட்டி ஒன்றை வராந்தாவில் விரிப்பார். அப்புறம் உள்ளே போய், சமையலிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட ஓர் அலுமினிய இட்லித் தட்டைக் கொண்டுவருவார். கழற்றுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு குழி. முதலில் கழன்றது முதல் குழியில், அடுத்தது அதற்கடுத்த குழியில். திரும்பப் பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வருவார். எல்லாம் பூட்டியான பிறகும் ஏதாவது ஒரு குழியில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் மறுபடி பிரித்துவிடுவார்.

இதை வைத்து அவரைப் பெரிய மெக்கானிக் என்று நினைத்துவிட வேண்டாம். அக்காவுக்கு மின்சாரத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தொட்டால் அடிக்கும் என்பதுதான். நல்ல இஸ்திரிப் பெட்டி ஒன்றை ஒரேயடியாக ஒழித்துக்கட்டியிருக்கிறார். அவர் கைபட்ட ரேடியோ அதற்குப் பிறகு திருச்சி நிலையத்தைத் தவிர வேறெதையும் பாடாது. என் வீட்டு கிரைண்டர் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றபோது, கடைக்குக் கொண்டுபோக ஆட்டோ பார்த்துக்கொண்டிருந்த என்னை மறித்து, அதை வராந்தாவில் இறக்கச் சொன்னார். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கண்டென்சரை மாற்றி, வயர்களைப் பூட்டி, ஊறின அரிசியைப் போட்டு சுவிட்சைத் தட்டினார். கிரைண்டர் சுற்றியது. ஆனால் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. உள்ளே தள்ள வேண்டிய பலகை மாவை வெளியே வாரி இறைத்தது. சுவரெல்லாம் மாவு, அக்காவின் கண்ணாடியெல்லாம் மாவு.

“ஓடுதல்லங்க!” என்றார், கண்ணாடியைக்கூடத் துடைக்காமல்.

“கடைல குடுத்திருந்தா இன்னேரம் இட்லியே வெந்திருக்கும்” என்று அவர் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார். அவர் சொல்கிற ஒரே வாக்கியம் அநேகமாக அதுதான். அக்கா அதைக் காதில் வாங்கவே மாட்டார். மறுபடியும் வேட்டி, மறுபடியும் இட்லித் தட்டு. பொழுது சாயும்போது கிரைண்டர் சரியான பக்கம் சுற்றியது. அன்றைக்கு எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு பரோட்டா.

இந்தக் குணம் பொருளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை. அவர் கதவை அறைந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். கறிவேப்பிலை கேட்டு வந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எதுல ஆரம்பிச்சுதுங்க?”

“ஒண்ணுமில்லீங்கக்கா. உடுங்க.”

“ஒண்ணுமில்லாம கதவு அப்படிச் சாத்தாதுங்களே. மொதல்ல ஆரு சத்தம் போட்டது? அதுக்கு முன்னால என்ன பேச்சு நடந்துச்சு?”

எனக்கு வந்ததே கோபம். நான் என்ன இஸ்திரிப் பெட்டியா, பிரித்து வேட்டியில் பரப்ப? கறிவேப்பிலையை ஒரு கொத்தாகக் கையில் திணித்து அனுப்பிவிட்டேன். பல நாள் பேசவில்லை. அவருக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை. ஒரு சாயங்காலம் எங்கள் டார்ச் லைட்டைச் சரிசெய்து கொண்டுவந்து கொடுத்து, “ஸ்பிரிங்கு துருப்புடிச்சிருந்துச்சுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அதை எப்போது எடுத்துக்கொண்டு போனார் என்று இன்றுவரை தெரியாது. இப்படிப்பட்ட மனுஷியிடம் யார் கோபத்தை நீட்டிக்க முடியும்?

அந்த ஆண்டு கல்லறைத் திருநாள் முடிந்து ஒரு நாள், அக்கா வெறுங்கையோடு என் வீட்டுக்கு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் கையில் ஸ்க்ரூ டிரைவரோ கிண்ணமோ இல்லாமல் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“இந்த வருசமும் செதுக்கிப்போட்டாங்க அம்மணி.”

கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வந்தது. கல்யாணமான மறுவருஷம் அக்காவுக்கு ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. சில மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டது. அப்படிப் போகிற குழந்தைகளைக் கல்லறைத் தோட்டத்தின் ஒரு மூலையில் புதைப்பது அந்தக் காலத்து வழக்கமாம். கல் கிடையாது, சிலுவை கிடையாது, பெயரும் கிடையாது. சின்னச் சின்ன மண்மேடுகள், அவ்வளவுதான். மழை முடிந்து இடுப்பு உயரத்துக்குப் புல் ஏறும். திருநாளுக்கு முன்னால் கோயிலிலிருந்து ஆள் விட்டுப் புல்லைச் செதுக்குவார்கள். மண்வெட்டியால் செதுக்கும்போது புல்லோடு சேர்ந்து மேட்டு மண்ணும் வழித்துக்கொண்டு வரும். கல் கட்டின கல்லறைக்கு ஒன்றும் ஆகாது. இந்த மேடுகள்தான் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே வந்தன.

“அருவாள்ல அறுத்தா மண்ணு வராதுங்களே அக்கா?”

“போன வருசம் நானே உக்காந்து அறுத்தேனுங்க. முட்டி ரெண்டும் போச்சு. அறுத்தா அடிக்கட்டை நிக்குமில்லைங்க? கட்டை நின்னா சுத்தமில்லைன்னு போட்டு, நான் அறுத்த எடத்தையே மறுக்கா செதுக்கிப்போட்டாங்க. இப்படியே உட்டா இன்னும் ரெண்டு மூணு வருசத்துல தரை மட்டமாயிருமுங்க. அப்புறம் அங்க ஒண்ணுமே இருந்ததில்லைன்னு ஆயிரும்.”

எது கெட்டாலும் எங்கே கெட்டது என்று தோண்டுகிற இந்தக் குணம் அந்தக் குழந்தையால் வந்ததாக இருக்குமோ என்று நினைத்து, பின்னொரு நாள் கேட்டும் விட்டேன். அக்கா சிரித்தார். “அதெல்லாம் இல்லீங்க. சின்னதுலயே எங்கப்பாரு கடியாரத்தைப் பிரிச்சுப்போட்டு ஒதை வாங்குனவ நான்” என்றார். நானாக நெய்த கதை அத்தோடு அறுந்தது.

அன்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது அவருக்குத் திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது. வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவருடைய கொழுந்தனார் கிளார்க். முன்னொரு லீவுக்கு அங்கே போனபோது, மேனேஜர் பங்களாவில் ஒரு மிஷினைப் பார்த்திருக்கிறார். நீளக் குழாய், மேலே கைப்பிடி, கீழே ஒரு தட்டு. தட்டுக்குள்ளிருந்து நைலான் நரம்பு ஒன்று சுழன்று புல்லை அடிக்கும். கத்தி கிடையாது. பூச்செடிகளைச் சுற்றி அடுக்கிய கல்லை உரசிக்கொண்டே புல்லை மட்டும் தரையோடு வழித்து எடுத்ததாம், ஒரு கல்கூட நகரவில்லையாம். அந்த மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு மிஷின் என்ற ஆசையில் கொழுந்தனார் அதை எடுத்தார். எடுத்த கொஞ்ச நாளில் அது நின்றுபோனது. விறகுக் கொட்டகையில் கிடக்கிறது.

“ஓடாத மிஷினை வெச்சு என்னக்கா பண்றது?” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நான் எதைக் கேட்கக் கூடாதோ அதைக் கேட்டுவிட்டேன் என்று புரிந்தது.

அந்த வாரமே வால்பாறைக்கு பஸ் ஏறினார். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அந்தக் குழாயைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு இறங்கினாராம். மருந்தடிக்கிற மிஷினா என்று கண்டக்டர் கேட்க, புல் வெட்டுகிறது என்று இவர் சொல்ல, “மாட்டை அவுத்து உட்டாத் தின்னுபோட்டுப் போவுதுங்க” என்று அவர் சொல்லியிருக்கிறார். பொள்ளாச்சி வரைக்கும் பஸ்ஸே சிரித்துக்கொண்டு வந்ததாம். அக்காவும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு நிறைய மாதங்கள் இருந்தன. அத்தனை மாதமும் தேவைப்பட்டது.

முதலில் அதன் பிளக் நம் ஊர் சுவரில் நுழையவில்லை. தட்டையான மூன்று கால்கள். வெட்டிவிட்டு நம் பிளக்கை மாட்டினார். சுவிட்சை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. ஒரு பல்பில் இரண்டு வயர் கட்டி, மிஷினின் வயரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் சோதித்தார். வயரைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் வளைத்தால் பல்பு எரிந்தது, நிமிர்த்தினால் அணைந்தது. தோல் நன்றாக இருந்தது, உள்ளே செம்பு அறுந்திருந்தது. “பாத்தீங்களா, வெளிய ஒண்ணுமே தெரியல” என்று எனக்கு நாலு தடவை காட்டினார். அந்தத் துண்டை வெட்டி எறிந்து மறுபடி இணைத்தார். அப்போதும் ஓடவில்லை.

அடுத்த விடுமுறைக்கு மோட்டார் மூடியைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே காற்று போகிற துளைகளை அடைத்துக்கொண்டு உருண்டையாக ஒரு குளவிக்கூடு. காய்ந்த செம்மண், வழவழவென்று.

“அய்யோ, கலைக்காதீங்கக்கா. குளவி கூடு கட்டுனா ஊட்டுல கொழந்தை…” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா ஸ்க்ரூ டிரைவரால் கூட்டைப் பெயர்த்து வேட்டியில் தட்டினார். “மிஷினுக்குள்ள கட்டியிருக்குது. ஒருவேளை மிஷினு குட்டி போடுமாக்கும்” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பேப்பருக்குப் பின்னால் அவர் வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கூட்டை எடுத்த பிறகு பார்த்தால் கார்பன் இரண்டும் தேய்ந்து மொட்டையாக இருந்தன. மோட்டாருக்குள் கரண்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தக் கருப்புத் துண்டுகள்தான். கோயம்புத்தூரில் எந்த மோட்டாருக்கும் சாமான் கிடைக்கும், இதற்குக் கிடைக்கவில்லை. டவுனில் ஒரு கடைக்காரர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், “இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கம்மா” என்றார். “வேற எங்கீங்க விக்குது?” என்று அக்கா கேட்டதும் அவர் அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டார். கடைசியில் மிக்ஸியின் கார்பனை வாங்கி வந்து, வராந்தாப் படியில் உப்புத்தாளை ஒட்டி வைத்து, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். அதிகம் தேய்த்து இரண்டு ஜோடி வீணாயிற்று. மூன்றாவது ஜோடி உட்கார்ந்தது.

சுவிட்சை அழுத்தினார். மிஷின் தும்மியது, புகைந்தது, கரப்பான் இறக்கைகளை எங்கள் மேல் துப்பியது. அப்புறம் ஒரே சீராக உறுமிக்கொண்டு ஓடியது. தெருவே எட்டிப் பார்த்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. தட்டினேன்.

ஆனால் வெட்டுவதற்கு நரம்பு வேண்டுமே. உள்ளே சுற்றியிருந்த பழைய நரம்பு தொட்டாலே அப்பளமாக நொறுங்கியது. துணி காயப்போடும் கயிற்றை மாட்டினார், நாராகப் பிரிந்தது. தூண்டில் நரம்பை மாட்டினார், ஓர் அருகம்புல்கூட அதை மதிக்கவில்லை. ஆத்திரத்தில் ஒரு நாள் கட்டிட வேலைக்கு வைத்திருந்த கட்டுக்கம்பியை மாட்டிவிட்டார். அவர் செய்ததிலேயே பெரிய பைத்தியக்காரத்தனம் அதுதான். மிஷின் சுற்றி வேகமெடுத்ததும் கம்பி அறுந்து ரோட்டைத் தாண்டிப் பறந்து, என் வாசலில் இருந்த பிளாஸ்டிக் குடத்தை ஒரு பக்கம் துளைத்தது. குடத்துக்குப் பக்கத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் வீட்டுக்காரர் பேப்பரை வீசிவிட்டு எழுந்து வந்தார். “போதும், நிறுத்து! ஆரையாவது கொன்னுபோட்டுத்தான் அடங்குவியா? போனது போச்சு. அதுக்காக இருக்கறவங்களை…” உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா வெளுத்துப்போய் நின்றார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரோட்டைத் தாண்டி வந்து என் கையையும் காலையும் தடவித் தடவிப் பார்த்தார். “தப்புப் பண்ணிப்போட்டேனுங்க அம்மணி. பெரிய தப்பு.” இனி மிஷினைத் தொட மாட்டார் என்றே நினைத்தேன். ஒரு மாதம் அப்படித்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சரின் அறுந்த டென்னிஸ் மட்டையைப் பார்த்திருக்கிறார். மட்டைக்குக் கட்டுகிற நைலான் நரம்பு, அதே கனம். விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு சுருள் வாங்கினார். எத்தனை மட்டைக்கு என்று கடைக்காரர் கேட்க, ஒன்றுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாராம். அந்த நரம்பு நின்றது. ஆனால் சுற்றின பக்கம் தப்பு, கிரைண்டர் மாதிரியே. தட்டைத் தரையில் தட்டினால் நரம்பு நீள வேண்டும், இது உள்ளே இறுகிக்கொண்டது. நாலைந்து தரம் பிரித்துச் சுற்றின பிறகுதான், அழுக்குக்கடியில் ஓர் அம்புக்குறி இருப்பதைக் கண்டுபிடித்தார். அதன்படி சுற்றினார். அவர் வீட்டுக் கொல்லையில் இருந்த அருகம்புல்லை மிஷின் தரையோடு வழித்துவிட்டது. அக்கா குனிந்து மண்ணைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

கோயில் வேலைகளைக் கவனித்துக்கொள்கிற உபதேசியாரிடம் பேசி வைத்தார். உபதேசியார் நல்ல மனிதர்தான், அவருக்குச் சுத்தம் வேண்டும், அவ்வளவே. “அந்த மூலை மட்டும் எனக்கு உடுங்க. தரை தெரியறாப்புல நான் எடுத்துத் தாரேன். ஒரு கட்டை நின்னாலும் அப்புறம் உங்க ஆளுகளை உடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார் அக்கா. ஆட்கள் காலையில் வாசல் பக்கமிருந்து செதுக்க ஆரம்பிப்பார்கள், அந்த மூலைக்கு வர மத்தியானமாகும், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்றார் உபதேசியார்.

எங்கள் பக்கம் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அடிக்கடி வந்து தங்குகிற என் மாமியார் அந்தச் சமயம் ஊரில் இல்லாதது நல்லதாயிற்று. செதுக்குகிற அன்றைக்கு ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அக்காவோடு போனேன். மைக் செட்காரரிடம் வாடகைக்கு வாங்கிய வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்காரரும் வந்தார். “ஈரத்துல கரண்டு வேலை, தனியா உட முடியாது” என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

கல்லறைத் தோட்டத்துக்குள் இருந்த சின்ன ஜெபக் கூடத்தில் ஒரு பிளக் பாயிண்ட். அதிலிருந்து வயரை மூலை வரைக்கும் இழுத்தோம். முதல் நாள் மழை பெய்திருந்தது. புல் என் இடுப்புக்கு நின்றது. அதற்குள் மேடு இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அக்கா சட்டையை மாட்டிக்கொண்டு, ரப்பர் செருப்பை இறுக்கிக்கொண்டு, சிலுவை போட்டுவிட்டு சுவிட்சை அழுத்தினார். ஈரப்புல் எங்கள் முகமெல்லாம் தெறித்தது. மேலிருந்து கொஞ்சம், அப்புறம் நடுவில் கொஞ்சம், அப்புறம் அடியோடு என்று மூன்று முறையாக எடுத்தார். அவசரமே படவில்லை. வாசல் பக்கமிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பாதி எடுத்திருப்பார், மிஷின் நின்றுவிட்டது.

ஆட்கள் நடுப்பாதை வரைக்கும் வந்துவிட்டார்கள். உபதேசியார் எட்டிப் பார்த்து, “மீதியை ஆளுக எடுக்கட்டுமாங்க டீச்சர்?” என்றார்.

“வேண்டாமுங்க. எங்க நின்னிருக்குதுன்னு பாக்கறேன்” என்றார் அக்கா. பக்கத்திலிருந்த யாரோ ஒரு பெரியவரின் சலவைக்கல் கல்லறையில் வேட்டியை விரித்தார். இட்லித் தட்டைக்கூடப் பையில் கொண்டுவந்திருந்தார். பல்பை எடுத்து வயரைச் சோதித்தார், சரி. சுவிட்சைச் சோதித்தார், சரி. மோட்டாரைத் திறந்தால், தேய்த்த கார்பன் ஒன்று ஈரச் சேற்றில் சிக்கி மேலே எழும்பி நின்றது. முந்தானையால் துடைத்தார், ஊதினார், மறுபடி துடைத்தார். கடைசிக் குழியிலிருந்து ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டினார். மிஷின் உறுமியது.

புல் போகப் போக மேடுகள் வெளியே வந்தன. ஒரு கை நீளம்கூட இல்லாத மேடுகள், சுவரை ஒட்டி வரிசையாக. சிலது உள்ளங்கை உயரம், சிலது கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். நான் எதிர்பார்த்ததைவிட நிறைய. ஒரு மூச்சு வாங்க அவர் மிஷினை நிறுத்தியபோது கேட்டேன்.

“உங்க கொழந்தையோடது எதுங்கக்கா?”

“தெரியாதுங்க அம்மணி.”

நான் விழித்தேன்.

“நான் ஆஸ்பத்திரில கெடந்தேனுங்க. இவுரு கொண்டுவந்து பொதைச்சாரு. நான் எந்திரிச்சு வரதுக்குள்ள புல்லு மூடிப்போச்சு. கேட்டா அந்த மூலைலதான்னு சொல்லுவாரு, அதுக்கு மேல சொல்ல மாட்டாரு. நானும் ரெண்டொரு வாட்டிக்கு மேல கேக்கல. அதனாலதான் இதுல எதையுமே செதுக்க உடறதில்லைன்னு இருக்கேன்.”

அவர் வீட்டுக்காரர் எங்களுக்குப் பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். வயரை மெதுவாகக் கீழே வைத்தார். சுவர் ஓரமாக நடந்து, திரும்பி, இரண்டு வரிசைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். பின்பு ஒரு மேட்டுக்குப் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன்மேல் ஒட்டியிருந்த புல் துணுக்குகளைக் கையால் தள்ளினார்.

“இதுதான்” என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். இப்போது கேள்விகள் ஆரம்பிக்கும் என்று நினைத்தேன். எப்படித் தெரியும், எதை வைத்துச் சொல்கிறீர்கள், இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை. எதையும் பிரித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத மனுஷி அவர். அந்த மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர் வீட்டுக்காரருக்கு உண்மையாகவே தெரிந்ததா, இல்லை அந்த நேரத்தில் அக்காவுக்கு ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். எனக்கு வந்த சந்தேகம் அக்காவுக்கு வராமல் இருந்திருக்காது.

அக்கா அந்த மேட்டை ஒருமுறை பார்த்தார்.

“சரிங்க” என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைக் கையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ஒயரை இந்தப் பக்கம் உடுங்க.”

அவர் வீட்டுக்காரர் எழுந்து, வயர் மேட்டின்மேல் படாதபடி இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தார். அக்கா அந்த மேட்டைச் சுற்றி எடுத்தார். அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாவற்றையும் அதே பொறுமையோடுதான் எடுத்தார். மண்வெட்டிக்காரர்கள் அந்த மூலைக்கு வந்து சேர்ந்தபோது, செதுக்குவதற்கு அங்கே ஒரு புல்லும் இல்லை.